இன்று விடுமுறை

"அக்கா, கடைய எப்பம் தொறந்திய?"

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உள்ளே வந்த ஆள் கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்குச் சுள்ளென்று வந்தது. இருபத்தாறு வருடமாக வேப்பமூட்டில் கல்யாணக் கோட்டு தைக்கிறவள் நான். எப்சிபா டெய்லரிங் என்று சொன்னால் நாகர்கோவிலில் பாதி மாப்பிள்ளைகளுக்குத் தோள் தானாக நிமிரும். ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர ஷட்டரை இறக்கியது கிடையாது. என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட நாலாம் நாள் திறந்துவிட்டேன். பதினேழு மாப்பிள்ளைகள் கோட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"நான் எப்பம் அடச்சேன், நீங்க தொறந்தியான்னு கேக்க?" என்றேன்.

நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை. இந்தக் காலத்தில் கண்ணாடி இல்லாமல் தெருவில் ஒரு ஆளைப் பார்ப்பது அபூர்வம். வழி காட்டுவது, எந்தக் கடை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று கண்முன் காட்டுவது, காசு கட்டுவது எல்லாம் அதுதான். வெறுங்கண்ணோடு நடந்தால் ஏதோ சட்டை போடாமல் வந்தவரைப் போல ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். என் கடையிலும் அப்படி வருகிறவள் ஒருத்தி உண்டு, லீமா. ஒன்பது வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறாள். முதலில் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அஞ்சு வருடத்துக்கு முன்னால் தலைவலி என்று சொல்லிக் கடையில் போடுவதை நிறுத்திவிட்டாள். தெருமுனையிலேயே கழற்றிச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். "வயசான பொம்பள மாதிரி தலவலின்னு சொல்லுக, நீயெல்லாம் ஒரு குமரி!" என்று நானும் கிண்டல் பண்ணுவேன்.

வந்தவர் தலையைச் சொறிந்தார். "வடசேரி பஸ் ஸ்டாண்டுல வழுக்கி விழுந்துட்டேன் அக்கா. கண்ணாடி ரெண்டாப் போச்சு. புதுசு வர நாலு நாளாவும்னான். அது இல்லாம நடந்து வாறேன், பாத்தா உங்க கடை தொறந்து கெடக்கு. ஆறு வருஷமா ஷட்டர் போட்டு 'இன்று விடுமுறை'ன்னு போர்டுலா தொங்கும். நீங்க தப்பா நெனைக்காண்டாம். செத்துப் போயிட்டியன்னு நெனச்சேன்."

"எளவே!"

"உங்க ஆத்துமாவுக்குக் கோயில்ல ஒரு பூசகூட வச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் கத்தோலிக்கர் போல. எங்கள் சபையில் செத்தவர்களுக்கே பூசை கிடையாது. உயிரோடு கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறவளுக்கு ஒருவர் வைத்தால் அதைக் கர்த்தர் எங்கே சேர்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு என்னத்துக்குப்பா பூச வச்ச?"

"என் மொதக் கோட்டு நீங்க தச்சது. பாங்கு இன்டர்வியூவுக்கு. பேரு ஆன்றோ. ஞாபகம் இருக்காது."

ஞாபகம் பெயரில் வரவில்லை, தோளில் வந்தது. இடது தோள் அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. அந்தத் தோளுக்குள் பஞ்சு வைத்து மட்டம் பண்ணியது என் கைதான். அப்போது ஒல்லிப் பையன். இப்போது நாற்பத்து மூன்று வயது, பாலிடெக்னிக்கில் வாத்தியார் என்றார்.

"உக்காரு மக்கா. என்ன விசேஷம்?"

"கல்யாணம். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. ரெண்டு கோட்டு வேணும்."

என் கடையின் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவை இயந்திரம் எடுக்கிறது. துணியை இயந்திரம் வெட்டுகிறது. ஆனால் முதல் கத்தரி என்னுடையது. கல்யாணத் துணியை மேசையில் விரித்து, சேரப்போகிற இருவர் பெயரையும் சொல்லி ஜெபம் பண்ணி, ஓரத்தில் ஒரு விரல் நீளம் நான் வெட்டின பிறகுதான் அது இயந்திரத்துக்குப் போகும். அதற்காகவே ஆர்டர் படிவத்தில் 'ஜெபத்துக்கு' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன், இரண்டு பெயர் எழுத. அதற்காகவே மார்த்தாண்டத்திலிருந்தெல்லாம் என்னைத் தேடி வருகிறார்கள்.

"ஜெபத்துக்குப் பேரு சொல்லு."

"ஆன்றோ. சுயம்பு."

பேனா நின்றுவிட்டது.

"கோட்டாறுல மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கான். ஆறு வருஷத்துக்கு முன்னால சேந்து வாழுகோம்னு ஆபீசுல பதிஞ்சோம். இப்பம் அவன் வீட்டுலயும் சம்மதிச்சாச்சு. அதான் ஊரக் கூட்டிக் கல்யாணம்." சொல்லிக்கொண்டே வந்தவர் எழுதாமல் நின்ற என் கையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அக்கா, மணிமேடையில இருந்து எண்ணிட்டே வந்தேன். கோட்டு தைக்க கடை பதினேழு இருக்கு. எங்க கண்ணாடில தொறந்திருந்தது மூணுதான், மூணும் வாடகைக் கோட்டு குடுக்க கடை. நாகர்கோவில்ல இந்தத் தொழிலே படுத்துப் போச்சுன்னு நானும் சுயம்புவும் பேசிக்குவோம். கண்ணாடில ஏதோ கோளாறுன்னுதான் இவ்வளவு நேரமும் நெனச்சேன். உங்க கையப் பாத்த பொறவு கோளாறு அங்க இல்லன்னு தோணுது."

நாளைக்கு வா என்றேன். வாசலில் நின்று ஒருமுறை கடைப் பெயர்ப் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் லீமாவைக் கூப்பிட்டேன். "என் கடையில எவன்டி விடுமுறை போர்டு மாட்டினது?"

லீமா கையிலிருந்த பட்டனை டப்பாவில் போட்டாள். நிதானமாகப் போட்டாள். "நீங்கதான் அக்கா."

"நானா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னால லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பாரத்துல 'மனச்சான்று ஏற்பாடு'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஆம்னு போட்டிய."

போட்டது உண்மை. சபையிலிருந்து எல்லாக் கடைக்காரருக்கும் சீட்டு வந்திருந்தது. மனச்சான்றுக்கு ஒவ்வாத வேலையை யாரும் நம்மேல் திணிக்க முடியாது, ஆம் போடுங்கள் என்று. சந்தோஷமாகப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

"அதுக்கும் ஷட்டருக்கும் என்ன?"

"கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் இருபது வருஷம் கோர்ட்டுல அடிச்சுக்கிட்டாங்கள்லா? ஒருத்தர் என் விசுவாசம்னாரு, ஒருத்தர் என் உரிமைன்னாரு. ரெண்டு பேரும் விடல. கடைசில கண்ணாடிக் கம்பெனிக்காரங்க நடுவுல பூந்தாங்க. சண்டையே வராம பண்ணித் தாறோம்னு சொன்னாங்க. ரெண்டு ஆம்பிளையோ ரெண்டு பொம்பிளையோ ஜோடியாப் பதிஞ்சிருந்தா, ஆம் போட்ட கடையெல்லாம் அவங்க கண்ணாடில அடச்சே தெரியும். வாடிக்கைக்காரருக்கு யாரும் இல்லன்னு சொல்லல. கடைக்காரர் யாரையும் இல்லன்னு சொல்லாண்டாம். யாருக்கும் மனசு நோவாது, வழக்கும் கெடையாது."

"எத்தன பேரு?"

"என்னது?"

"என் ஷட்டரப் பாத்துட்டுப் போனவங்க எத்தன பேரு? அது அந்தக் கம்ப்யூட்டர் பொட்டில இருக்கும்லா."

லீமா திரையைத் தட்டினாள். "முன்னூத்தி நாப்பத்தி ஒண்ணு."

படியேறி வந்த ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை என்று சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். முன்னூற்று நாற்பத்தோரு பேர் என் படியருகே வந்து நின்று, எப்சிபா கடை அடைத்துவிட்டாள், செத்துவிட்டாள் என்று போயிருக்கிறார்கள். ஒருவர் பூசையே வைத்துவிட்டார்.

என் விசுவாசத்தை நான் ஒளித்ததில்லை. இரண்டு ஆண் சேர்வது எனக்குச் சம்மதமில்லை. அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் நம்புகிறேன். அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் திறந்த கடையை அடைத்திருக்கிறது என்று சொல்வதற்குப் பெயர் என்ன? பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். வேதத்தில் ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பி, பத்துக் கட்டளையில் ஒன்றைத் தினமும் என் கடை வாசலில் வைத்து மீறிக்கொண்டிருந்தேன். அதுவும் ஆறு வருடமாக.

பாஸ்டர் டைட்டஸுக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார்.

"சிஸ்டர், நீங்க ஒண்ணும் சொல்லலியே. மெஷின்தான சொல்லுது."

"அதான் பாஸ்டர் எனக்கு வயித்தெரிச்சல். என் மனச்சாட்சிக்கு ஒரு மெஷின் எதுக்கு? அது எனக்காகப் பொய் சொல்லிட்டிருக்கு."

"சமாதானத்துக்காக ஒரு ஏற்பாடு. அத ஏன் கலைக்கிய?"

"யாருக்கு சமாதானம்?" என்று கேட்டேன். ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தார்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு லீமாவிடம் சொன்னேன். "அந்தக் கட்டத்துல இல்லன்னு மாத்து."

அவள் என்னைப் பார்த்தாள். "நிச்சயமாவா அக்கா?"

"மாத்து பிள்ளே."

"அக்கா, யோசிச்சுக்கிடுங்க. எடுத்துட்டா யாரு வந்தாலும் தைக்கணும். மொகத்தப் பாத்து மாட்டேன்னு சொன்னிய, அவங்க ஒரு புகார் குடுத்தாப் போதும், ஏழு நாள்ல லைசென்ஸ் போயிரும். எட்டு பேரு இந்தக் கடைய நம்பி இருக்கோம். மெஷின் சொன்னா ஏற்பாடு, நீங்க சொன்னா குத்தம். சட்டம் அப்படித்தான்."

"நல்ல சட்டம்! பொய் சொன்னா ஏற்பாடாம், உண்ம சொன்னா குத்தமாம். மாத்து."

"நெசமாத்தான் சொல்லுகியளா?"

"உனக்கு என்ன, காது கேக்கலியா?"

அவள் தட்டியது முதல்முறை கட்டத்தில் படவில்லை, மறுபடி தட்டினாள். எட்டுப் பேர் வேலையை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரையில் ஆம் என்பது இல்லை ஆனது. வாசலில் ஒன்றும் மாறவில்லை. வெறுங்கண்ணுக்கு என் கடை எப்போதும் போலத் திறந்துதான் கிடந்தது.

ஆன்றோ பன்னிரண்டு மணிக்கு வந்தார். இந்தமுறை கையில் துணிப்பொதி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"நேத்து சுயம்புகிட்ட சொன்னேன் அக்கா. அவன் கண்ணாடியக் கழத்திட்டு ரெண்டு பேருமா நடந்து பாத்தோம். நாங்க தெனமும் போற ரோடுதான். பாதி ஊரு எங்களுக்கு அடச்சு வச்சிருந்திருக்கு. ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட எங்ககிட்ட மாட்டேன்னு சொல்லல. எனக்குச் சண்ட போட ஒரு ஆளு வேணும்லா? ஷட்டர்கிட்ட நின்னு எப்பிடிச் சண்ட போட?"

"ஷட்டர எடுத்தாச்சு," என்றேன். "இந்தா ஆளு நிக்கேன். கேட்டுக்கோ. நீங்க ரெண்டு பேரும் சேருகது என் விசுவாசத்துக்கு ஒத்து வராது. மெஷின் சொல்லல, எப்சிபா சொல்லுகேன். ஒன் மொகத்தப் பாத்துச் சொல்லுகேன். ஜெபம் பண்ணாம நான் கல்யாணத் துணில கத்தரி வச்சது கெடையாது. மனசுல இல்லாத ஜெபத்த வாயால பண்ணவும் எனக்குத் தெரியாது. புகார் குடுக்கணும்னா குடு. அந்தப் பிள்ள லீமா சாட்சி."

கடையில் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. லீமா சுவரைப் பார்த்து நின்றாள்.

ஆன்றோ துணிப்பொதியை இறுக்கிப் பிடித்தார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன்.

"வலிக்கி அக்கா," என்றார். "நல்லாவே வலிக்கி. ஆனா ஆறு வருஷத்துல என்ன ஒரு ஆளா மதிச்சு மாட்டேன்னு சொன்ன மொத ஆளு நீங்க. அதுக்கு நன்றி சொல்லவா, புகார் குடுக்கவான்னு தெரியல."

"ரெண்டும் செய்யி. உன் இஷ்டம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அது அழுகையாகப் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிப்பொதியை என் மேசையில் வைத்துப் பிரித்தார். கருநீலம், நல்ல துணி.

"உங்களுக்கு ஜெபந்தான தடங்கல்? தைக்கதுல ஒண்ணும் இல்லியே?"

யோசித்தேன். இருபத்தாறு வருடத்தில் குடிகாரனுக்குத் தைத்திருக்கிறேன். பெண்டாட்டியை அடித்தவனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்குத் தைத்திருக்கிறேன், அவன் பெயரையும் சொல்லி ஜெபம் பண்ணியிருக்கிறேன். துணிக்கு யார் தோள் என்று தெரியாது.

"தைக்கதுல ஒண்ணும் இல்ல," என்றேன்.

"அப்பம் ஜெபத்த நான் பண்ணுகேன். நீங்க வெட்டுங்க. உங்க பேரச் சொல்லி ஒருக்கா பண்ணினவன்தான. எனக்குப் பழக்கம்."

துணியை மேசையில் விரித்தேன். அவர் நெற்றியில் பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, ஆண்டவரே, ஆன்றோவையும் சுயம்புவையும் ஆசீர்வதியும் என்றார். இந்தக் கோட்டைத் தைக்கிற கைகளையும் ஆசீர்வதியும், அந்தக் கைகளுக்கு நீண்ட ஆயுசைக் கொடும், நான் ஒருமுறை அவசரப்பட்டுப் பூசை வைத்துவிட்டேன் என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கத்தரியை எடுத்து ஒரு விரல் நீளம் வெட்டினேன். ஆமென் சொன்னேனா இல்லையா என்பது எனக்கும் கர்த்தருக்கும் தெரிந்தது. உங்களிடம் சொல்வதாக இல்லை.

இடது தோளுக்குப் பஞ்சு வைக்க வேண்டும் என்று படிவத்தில் நானே என் கையால் எழுதினேன்.

அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. தையல் கடைக்காரர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, நீ ஒருத்தி எடுத்தால் மற்றவர்களைக் கேள்வி கேட்பார்களே என்று சத்தம் போட்டார். கேட்கட்டும், பதில் சொல்லக் கர்த்தர் வாயைக் கொடுத்திருக்கிறாரே என்றேன். சபையில் இருவர் கொடுத்த ஆர்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர்களாவது நேரில் வந்து, காரணத்தைச் சொல்லி, வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் மரியாதைதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. வேலை தொடங்குமுன் எட்டுப் பேரையும் நிறுத்தி, ஒவ்வொருவர் பெயரும் சொல்லி நான் ஜெபம் பண்ணுவது வழக்கம். ஒருத்தியின் பிள்ளைக்குப் பரீட்சை, ஒருத்தரின் முழங்கால் வலி, இப்படி. எல்லோரும் வந்தாயிற்று. கடைசியாக லீமா வந்தாள்.

முகத்தில் கண்ணாடி போட்டிருந்தாள்.

"என்ன பிள்ளே, தலவலி போச்சா?" என்றேன்.

"போச்சு அக்கா," என்று சொல்லி, வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ஜெபத்தைத் தொடங்கினேன். பரீட்சையைச் சொன்னேன், முழங்காலைச் சொன்னேன். லீமா பெயர் வந்தது. அவளுக்கு நான் கேட்பது ஒன்பது வருடமாக ஒன்றேதான். கர்த்தாவே, லீமாவுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையைக் காட்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். அஞ்சு வருடத்துக்கு முன்னால் வந்த தலைவலி. நேற்று கட்டம் தவறித் தட்டிய விரல். நிச்சயமாவா, நெசமாவா என்று கேட்ட கேள்வி. தெருமுனையில் கண்ணாடியைக் கழற்றிச் சோற்றுப் பையில் வைக்கிற பழக்கம். இவளும் ஒருத்தியோடு ஜோடியாகப் பதிந்திருக்கிறாள். தினமும் காலையில் இவள் வேப்பமூட்டு முனையில் நின்று, என் பெயர் எழுதிய கடை தன் கண்ணாடியில் அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றியிருக்கிறாள். உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, நல்ல மாப்பிள்ளைக்காக நான் பண்ணின ஜெபத்துக்கு ஆமென் சொல்லியிருக்கிறாள்.

மற்றவர்கள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"ஏன் பிள்ளே எங்கிட்டச் சொல்லல?"

கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னாள். "மொத நாளு அழுதேன் அக்கா. பொறவு பழகிப் போச்சு. கழத்திட்டா கடை தொறந்துரும்லா."

என் விசுவாசம் நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை நான் நகர்த்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. இருந்தாலும் ஒரு பெயரை விட்டுவிட்டு அஞ்சு வருடமாக இவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மத்த பேரு என்ன?"

அவள் கண்ணைத் திறந்தாள். "ஷைனி."

கண்ணை மூடினேன். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொன்னேன்.